லூர்து மறைக்கவில்லை

அந்தத் திங்கட்கிழமை காலை, செங்கல்பட்டு புறவழிச் சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில், முன்பக்கம் நொறுங்கிய பால் வண்டி ஒன்றின் அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கையெல்லாம் கிரீஸ் என்பதால் இரண்டு முறை விட்டுவிட்டேன். மூன்றாவது முறை எடுத்தேன். லூர்துவின் மனைவி மேரி. "அண்ணா, அவரு எயுந்துக்க மாட்டேன்றாரு. தட்டித் தட்டிப் பாக்கறேன், கண்ணத் தொறக்க மாட்டேன்றாரு" என்றாள். பின்னால் யாரோ ஆட்டோவைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. நான் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வருவதற்குள் இணைப்பு போய்விட்டது. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு லூர்துராஜ் இறந்துபோனான்.

இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னபோது முதலில் 'அவர்' போட்டுத்தான் எழுதிப் பார்த்தேன். யாரோ ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. அடித்துவிட்டேன். இருபத்திரண்டு வருடம் ஒரே வேலையில் இருந்தோம். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, என்ன சேதம், எப்படி நேர்ந்தது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுக்கிற சர்வேயர் வேலை. ஜி.எஸ்.டி. ரோட்டிலும் ஈ.சி.ஆரிலும் எங்கே எது கவிழ்ந்தாலும் எங்களில் ஒருவர் போய் நிற்போம். இதைப் படிக்கிற நீங்கள் அநேகமாக எங்கள் சக சர்வேயர்கள், பட்டறைக்காரர்கள், கிரேன் ஓட்டுபவர்கள். லூர்துவை என்னைப் போலவே உங்களுக்கும் தெரியும்.

ஆனால் அவன் சாவைப் பற்றி நீங்கள் பேசிக்கொண்டது எனக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் எல்லோரும் நின்றிருந்தபோது டாக்டர் வந்து, "இவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார், யாருக்குமே தெரியாதா?" என்று கேட்டார். மேரி, "பிரஷர் மாத்திரைன்னு சொன்னாரே" என்று அழுதாள். அன்றிலிருந்து ஒரே பேச்சுதான். ஊரில் உள்ளவன் வண்டிக்கெல்லாம் புத்தி சொன்னவன், ஆளில்லாத தேசத்துக்குப் போக ஒன்றரை வருடம் ஆயத்தம் செய்தவன், தன் உடம்பை மட்டும் எல்லோரிடமும் மறைத்துவிட்டான், அலட்சியத்தால் செத்தான் என்று. அது உண்மையில்லை. எப்படி உண்மையில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்லி முடித்த பிறகு என்னோடு டீ குடிக்க வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

அவனை எனக்கு முதலில் பிடித்துப்போனது ஒரு கல் பிள்ளையாரால். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடம் ஒன்றில் வாங்கிய பிள்ளையாரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, ஒரு மனிதர் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறார். குறுக்கே மாடு வந்தது. பிரேக் போட்டு, ஓரத்துத் தடுப்பில் இடித்து நின்றார். வண்டியில் சொல்லிக்கொள்ளும்படி சேதம் இல்லை. பம்பர், ஒரு விளக்கு, ரேடியேட்டர், அவ்வளவுதான். ஆனால் பின்சீட்டிலிருந்து பாய்ந்த பிள்ளையார் தலையில் மோதி, ஓட்டியவர் இறந்துவிட்டார். நான் பம்பரை அளந்துகொண்டிருந்தேன். லூர்து பின்கதவைத் திறந்து, கீழே உருண்டு கிடந்த பிள்ளையாரை இரண்டு கையாலும் தூக்கிச் சீட்டில் வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டினான். அது கச்சிதமாக மாட்டியது. "பாரு மச்சான், மாட்டறதுக்கு ரெண்டு செகண்டு. சாமிக்கு எதுக்கு பெல்ட்டுன்னு வுட்டுட்டாரு" என்றான். அவன் குரலில் கேலி இல்லை, கண் கலங்கியிருந்தது. முன்பின் தெரியாத ஆளுக்கு இவன் ஏன் அழுகிறான் என்று நான் நினைத்தேன்.

அவன் அறிக்கைகளில் எப்போதும் கடைசியாக ஒரு பக்கம் அதிகம் இருக்கும். யாரும் கேட்காத பக்கம். 'இவர் எப்படிப் பிழைத்திருக்கலாம்' என்று தலைப்புப் போட்டு, நாலைந்து வரி எழுதுவான். தண்ணீர் கேனைக் கட்டியிருந்தால். டயரின் வயதைப் பார்த்திருந்தால். அடிபட்டவரை உடனே படுக்கவைத்திருந்தால். அலுவலகத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் உருவி எறிந்துவிடுவார்கள். "உன்ன எவன் இதெல்லாம் கேட்டான்?" என்று மேலதிகாரி ஒருவர் கத்தியது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த அறிக்கையிலும் அந்தப் பக்கம் இருந்தது.

அந்தப் பக்கங்களிலிருந்து பிறந்த அவனுடைய விதி ஒன்று நம் எல்லோருக்கும் தெரியும். "அடிபட்டவன் பேச்ச மட்டும் கேக்காதீங்க. 'எனக்கு ஒண்ணும் இல்ல'ன்னுதான் சொல்வான். அவன் மூள கலங்கிக் கீது, அவனுக்கு இன்னா தெரியும்? பக்கத்துல கீறவன்தான் முடிவு பண்ணணும்." இதை அவன் சொல்லாத பட்டறை இந்த மாவட்டத்தில் கிடையாது.

நமீபியாவுக்குப் போகிற எண்ணம் அவனுக்கு எப்படி வந்தது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கேளம்பாக்கத்தில் அவன் குடியிருந்த அடுக்குமாடி வீட்டு மொட்டைமாடியில் ஒரு நாள் போனை நீட்டி ஒரு படம் காட்டினான். பழுப்பு மண், அதன் நடுவே சரளைக் கல் ரோடு, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வீடு இல்லை, ஒரு கம்பம் இல்லை. ஆப்பிரிக்காவின் தென்மேற்கில் இருக்கிற நாடு. நம்மைப்போலவே இடப்பக்கம் ஓட்டுவார்களாம். கூரையில் கூடாரம் வைத்த ஜீப் வாடகைக்குக் கிடைக்குமாம். "அங்க போயி இன்னா பண்ணப்போற? ஆளே இல்லியே" என்றேன். சிரித்தான். "அதுக்குத்தான் மச்சான். ஆளே இல்லன்னா, நீ எந்தத் தெருன்னு எவன் கேப்பான்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் ஊரும் என் ஊரும் அச்சரப்பாக்கத்துக்கு அந்தப்பக்கம், பக்கத்துப் பக்கத்து ஊர்கள். எங்கள் வீட்டு நிலத்தில் அவன் அம்மா கூலிக்கு நாற்று நட்டிருக்கிறாள். எந்தத் தெரு என்ற கேள்வியை அவன் படித்த பள்ளியிலும், வாடகைக்கு வீடு பார்த்த இடத்திலும், ஏன், நொறுங்கிய வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வண்டிக்காரர்களிடமிருந்தும் கேட்டிருக்கிறான். நானே முதல் மாதத்தில் சுற்றி வளைத்து அதைத்தான் கேட்டேன். அவன் மறக்கவில்லை, ஆனால் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவும் இல்லை. அன்று மாடியில் வைத்து, "சரி, நானும் வரேன்" என்றேன். அதை என்னால் செய்ய முடிந்த ஒரு பரிகாரமாக நினைத்தேனோ என்னவோ.

அதன்பிறகு ஒன்றரை வருடம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அவனுடையவை ஆகிவிட்டன. செங்கல்பட்டுக்கு வெளியே கல்குவாரிகளுக்குப் போகும் சரளை ரோட்டில் என்னை ஓட்டவைப்பான். டயரில் காற்றை இறக்கி ஓட்டு, ஏற்றி ஓட்டு, திருப்பத்தில் பிரேக்கைத் தொடாதே என்று பக்கத்தில் உட்கார்ந்து கத்துவான். பிறகு திருவிடந்தைக்குக் கிழக்கே சவுக்குத் தோப்பு மணலில் வண்டியை வேண்டுமென்றே புதைத்துவிட்டு, ஆள் கூப்பிடாமல் எடுக்கச் சொல்வான். மீன் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "இன்னாண்ணா, தள்ளி வுடணுமா?" என்று அவர்கள் கேட்டால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவான். "அங்க தள்ள ஆள் கிடையாது" என்பான் என்னிடம். எனக்கு இடுப்பு விட்டுப்போகும். சண்டை போடுவேன். அடுத்த ஞாயிறு மறுபடியும் போய் நிற்பேன்.

வழி கேட்கிற பழக்கத்தை ஒழிக்க அவன் பட்ட பாடு தனிக்கதை. நம் ஆட்கள் வரைபடம் பார்ப்பதில்லை. டீக்கடையில் நிறுத்தி, "அண்ணாத்த, இது எங்க போவுது?" என்று கேட்டுக் கேட்டே கன்னியாகுமரி வரைக்கும் போய்விடுவோம். அச்சரப்பாக்கத்திலிருந்து திருவிடந்தை வரை உள்ரோடுகளிலேயே, வாய் திறக்காமல், காகித வரைபடத்தை வைத்துக்கொண்டு வரவேண்டும் என்று எனக்கு ஒரு பரீட்சை வைத்தான். ஒரு ஏரிக்கரைப் பிரிவில் எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டுவிட்டு, நானே கண்டுபிடித்ததாகச் சொன்னேன். லூர்து என் முகத்தைப் பார்த்தான். "கேட்டியா?" "இல்லப்பா." "மச்சான், நீ கேட்டது தப்பில்ல. கேக்கலன்னு சொல்றதுதான் தப்பு. அங்க அது ஆள சாவடிச்சிரும்." நான் சத்தியம் செய்யாத குறையாக மறுத்தேன். அவன் விட்டுவிட்டான். அன்று ஒத்துக்கொண்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இனி எழுதப்போவதுதான் முக்கியம்.

என் மகள் கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. பயணம் அதற்கு இரண்டு மாதம் கழித்து. நானும் என் மனைவியும் தாம்பூலத் தட்டோடு லூர்து வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனோம். மேரி காப்பி போட உள்ளே போனாள். நான் பத்திரிகையைக் கொடுத்ததும் லூர்து என்னைப் பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வெள்ளை உறையை என் கையில் வைத்தான். "நீ மஞ்சக் கவர் குடுத்த, நான் வெள்ளக் கவர் குடுக்கறேன்" என்றான். உறை ஒட்டியிருந்தது. மேலே சிவப்பு மையில் 'என்னால் பேச முடியாதபோது' என்று எழுதியிருந்தான். "வண்டில போற ரெண்டு பேரும் எழுதி மாத்திக்கணும். நம்ம ஒடம்புல இன்னா கீது, இன்னா மாத்திர, மயக்கத்துல கெடந்தா யாரு முடிவு பண்ணணும், செத்தா அங்கயே பொதைக்கணுமா, அல்லாம். நீயும் எழுதிக் குடு. மேரிக்கு இப்ப தெரிய வேணாம், நான் பக்குவமா சொல்லிக்கறேன். ஆனா நீ கண்டிப்பா படி."

திரும்பி வரும்போது வண்டியின் பின்சீட்டு முழுக்க மஞ்சள் தடவிய பத்திரிகைகள். அவற்றின்மேல் அந்த உறையை வைத்திருந்தேன். என் மனைவி திரும்பிப் பார்த்து, "இன்னாங்க இது, செவப்பு மையில? பேச முடியாதபோதுன்னு போட்டுக் கீது" என்றாள். சொன்னேன். "பந்தக்கால் நட்டுட்டு இந்த மாரி பேப்பர வூட்டுக்குள்ள எடுத்துனு வராதீங்க" என்றாள். அவள்மேல் பழியைப் போடவில்லை. வீட்டுக்குள்தான் கொண்டுவராதே என்றாள், படிக்காதே என்று சொல்லவில்லை. மகள் கழுத்தில் தாலி ஏறப்போகிற சமயத்தில், செத்தால் எங்கே புதைப்பது என்று எழுதிய தாளைப் பிரிக்க எனக்கே மனம் வரவில்லை. இத்தனைக்கும் தினம் இரண்டு விபத்து வண்டி பார்க்கிறவன் நான். உறையை டிக்கியில், ஸ்டெப்னியின்மேல் போட்டிருக்கும் விரிப்புக்கு அடியில் சொருகினேன். கல்யாணம் முடிந்ததும் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நாலு நாள் கழித்து போன் செய்தான். "படிச்சியா மச்சான்?"

கல்யாண மண்டபத்தில் சமையல்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். இன்னும் பிரிக்கவில்லை என்றால், ஏன் என்று கேட்பான், அபசகுனமா என்று சிரிப்பான், ஒரு மணி நேரம் பாடம் நடத்துவான். "படிச்சேன்பா" என்றேன்.

"இன்னா நெனைக்கற? கெளம்பலாமா, வேணாமா? நீ சொல்றதுதான்" என்றான்.

"அதெல்லாம் தாராளமா கெளம்பலாம்."

"நெசமாவா? நீ வேணாம்னுடுவியோன்னு பயந்துகினே இருந்தேன் மச்சான்." அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எதற்குப் பயந்தான் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நான் படிக்காதது தெரிந்துவிடும். கேட்கவில்லை.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. லூர்து பந்தியில் நின்று பரிமாறினான். அதன்பிறகு மகளை மறுவீடு அனுப்பியது, வேலை, மழை என்று நாள் ஓடியது. நான் உறையை ஒளித்துவைத்திருந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. மறந்தேபோனேன். அதுதான் கேவலம்.

அந்த ஞாயிறு, அதாவது அவன் இறந்ததற்கு முந்தைய நாள், திருவிடந்தைத் தோப்பில் கூரைக் கூடாரத்தை விரித்து மடக்கப் பழகிக்கொண்டிருந்தோம். தெரிந்தவர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கூடாரம். மாலை நாலரை மணி இருக்கும். லூர்து ஏணியில் ஏறி ஒரு கொக்கியை இழுத்துக்கொண்டிருந்தான். ஏணியின் கால் மணலில் நழுவியது. நாலடி உயரம்கூட இல்லை. விழும்போது தலையின் பக்கவாட்டில் வண்டியின் படிக்கட்டு இடித்தது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். ரத்தம் இல்லை, காதுக்கு மேலே ஒரு வீக்கம் மட்டும். மீன் விற்கிற அம்மாவிடம் ஐஸ் வாங்கித் துண்டில் சுற்றி வைத்துவிட்டோம். ஐந்து நிமிடம் மணலில் உட்கார்ந்திருந்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"இன்னா மச்சான் சொல்ற? ஆஸ்பத்திரிக்குப் போவணுமா?"

அந்தக் கேள்வியை அவன் அவ்வளவு அமைதியாகக் கேட்டான். நான் சிரித்தேன். "இதுக்கெல்லாமா? சின்ன வீக்கம்பா. வா, டீ குடிச்சிட்டு வூட்டுக்குப் போலாம்."

"சரி, நீ சொன்னா சரி" என்றான்.

டீ குடித்தோம். நான்தான் வண்டி ஓட்டினேன். கேளம்பாக்கம் போகும் வழியில் இரண்டு ஆஸ்பத்திரிகளைத் தாண்டினோம். இரண்டாவதன் வாசலில் நெரிசலில் நாலைந்து நிமிடம் நின்றுகூட இருந்தோம். அவன் தலை வலிக்கிறது என்றான். வெயில் என்றேன். வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். மேரியிடம், "லேசா இடிச்சிக்கினான், ஒரு மாத்திர போட்டுத் தூங்க வையி" என்றும் சொல்லிவிட்டு வந்தேன். தலைக்குள் ரத்தம் ராத்திரி முழுக்கக் கசிந்திருக்கிறது. முந்தைய நாளே, இந்த மாத்திரை விஷயத்தைச் சொல்லிக் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்க வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள்.

அவனுக்குத் தெரியாதா, அவனே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் மேரிக்கு விஷயம் தெரிந்துவிடும் என்ற பயம் அவனுக்கும் இருந்திருக்கலாம், போகவேண்டாம் என்ற பதிலை அவனும் விரும்பியிருக்கலாம். அப்படிச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அவன் விதி என்ன? அடிபட்டவன் பேச்சு செல்லாது, பக்கத்தில் இருப்பவன்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த விதிப்படி அவன் நடந்தான். பக்கத்தில் இருந்தவன் நான்.

அச்சரப்பாக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவனை அடக்கம் செய்த அன்று மாலை டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினேன். உறை கொஞ்சம் ஈரம் ஏறி, அப்படியே இருந்தது. ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்திப் படித்தேன். ஒரே ஒரு தாள். இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, ரத்தக்கட்டி வராமல் இருக்க இந்த மாத்திரை, இத்தனை வேளை. அதற்குக் கீழே, இரண்டு முறை அடிக்கோடிட்டு: 'தலையில் சிறு அடி பட்டாலும் காத்திருக்கக் கூடாது. நான் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.' அதற்கும் கீழே, இந்த நிலையில் நான் வருவது உனக்குச் சம்மதமில்லை என்றால் தயங்காமல் சொல், கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று இருந்தது. அந்த போனில் அவன் எதற்குப் பயந்தான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கடைசி வரியில் என் பெயர்: 'கூட வருபவர் கோதண்டன். இவருக்கு எல்லாம் தெரியும். இவர் சொல்வதே முடிவு.'

ஒரு மாதம் இதை யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் அவனை அலட்சியக்காரன் என்று பேசியபோது நானும் பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். குனிந்தது துக்கத்தால் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேரி என்னை உள்அறைக்குக் கூப்பிட்டாள். லூர்துவின் பயண ஃபைல் அவள் மடியில் இருந்தது. அந்தத் தாளின் நகல் ஒன்று அதற்குள் இருந்திருக்கிறது.

அவள் முகத்தில் கோபம் இல்லை. "நேத்துதாண்ணா பாத்தேன். என்கிட்ட மறைச்சிட்டாரேன்னு ஒரு மாசமா வயிறு எரிஞ்சிகினு இருந்தேன். உங்ககிட்டயாவது சொல்லிக் கீறாரே. இதப் படிச்சப்புறம்தான் எனக்கு மனசு கொஞ்சம் ஆறுச்சு. நீங்க தெரிஞ்சேதான வூட்ல கொண்டாந்து வுட்டீங்க? அப்போ அது அவ்ளோ பெரிய அடி இல்ல. யாரு இருந்தாலும் இப்டிதான் ஆயிருக்கும், இல்லண்ணா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நிம்மதியாகத் தூங்குவாள், நானும் தப்பிப்பேன். வாய்வரைக்கும் வந்தது. என் வாழ்க்கையில் எத்தனை 'ஆமாம்' அப்படி வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"மேரி, நான் அதப் பிரிக்கவே இல்ல" என்றேன். "கல்யாண நேரம்னு டிக்கில போட்டேன். அவனப் பொதைச்ச அன்னிக்குத்தான் படிச்சேன்."

அவள் புரியாமல் பார்த்தாள். "படிச்சியான்னு அவரு கேக்கலியா?"

"கேட்டான்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"படிச்சேன்னு சொன்னேன்."

வெளியே யாரோ சாம்பார் கேட்டார்கள். மேரி ஃபைலை மூடி, அதன் நாடாவை நிதானமாகக் கட்டினாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அப்போ அவரு உங்கள நம்பிகினுதான் வூட்டுக்கு வந்துக் கீறாரு."

நான் அழுதேன். அவள் அழவில்லை. "அவரு கூட்டாளிங்க அல்லாரும் அவரு அலட்சியமா இருந்தாருன்னு பேசிக்கறாங்க. நீங்க சும்மா கேட்டுகினு இருந்தீங்க. அத மாத்துங்க. அதுக்கப்பறம் இந்த வூட்டுக்கு வாங்க" என்றாள். அதைத்தான் இங்கே செய்திருக்கிறேன். லூர்துராஜ் மறைக்கவில்லை. மனைவியிடம் சொல்லத் தயங்கினான், அது அவன் தப்பு. ஆனால் அவனோடு வண்டியில் உட்காரப்போகிறவனுக்கு எழுத்தில் கொடுத்தான், படித்தாயா என்று கேட்டான், போகலாமா என்று அனுமதி கேட்டான், அடிபட்டபோதும் கேட்டான். ஒரு மனிதன் இதற்குமேல் கவனமாக இருக்க முடியாது. அலட்சியமாக இருந்தவன் நான்.

அவன் சேர்த்துவைத்த சாமான்கள் கேளம்பாக்கத்து வீட்டில் அப்படியே இருக்கின்றன. காற்றடிக்கும் கருவி, வரைபடங்கள், தண்ணீர் கேன்களைக் கட்டும் பட்டைகள். யாராவது வாங்கிப் பயன்படுத்தினால் நல்லது. எனக்கு அவற்றில் எதுவும் வேண்டாம். என்னிடம் இருப்பது ஈரம் ஏறிய அந்தத் தாள்தான். பெற்றவர்களோ, கட்டியவளோ, பெற்ற மகளோ யாரும் 'இவர் சொல்வதே முடிவு' என்று என்னைப் பற்றி எழுதிக் கொடுத்ததில்லை. லூர்து எழுதினான். அவ்வளவு பெரிய நம்பிக்கையை ஒருவன் என்மேல் வைத்திருந்தான் என்பதை அவனைப் புதைத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அது என்னிடம் இருக்கிறது. அதற்குத் தகுதி இல்லாமலே நான் அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.